ஒரு பொட்டும் பத்தாயிரம் டன் பருப்பும்

கஸ்பார் மச்சாது இருபத்திரண்டு வருஷமாகக் கப்பலில் போகிறார். ஒரு தடவைகூடக் கப்பலை ஓட்டியதில்லை. ஓட்டத் தெரியாது என்பதை அவர் யாரிடமும் மறைத்ததும் கிடையாது. அவருடைய வேலை பழி ஏற்பது.

கப்பல்கள் தம்மைத் தாமே ஓட்டிக்கொள்ளப் பழகிய பிறகு ஒரு சங்கடம் வந்தது. எங்கேயாவது இடித்தால் யாரைப் பிடிப்பது? இயந்திரத்தைக் கூண்டில் ஏற்றிப் பார்த்தார்கள். அதற்குத் தலைகுனியத் தெரியவில்லை. பத்திரிகைக்காரர்களுக்குப் படம் சரியாக விழவில்லை. ஆகவே ஆள்பொறுப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. கப்பலுக்கு ஒரு மனிதர், பொறுப்பாளர் என்ற பெயரில் இருக்கவேண்டும். எது நடந்தாலும் விசாரணைக் கமிஷன் முன்னால் நின்று, "முழுப் பொறுப்பும் என்னுடையதே" என்று சொல்லவேண்டும். சொன்னால் மூன்று மாதம் உரிமம் முடக்கம். நாலாவது மாதம் மறுபடியும் கப்பல்.

இதற்கென்று ஒரு கல்லூரியே நடந்தது. தலையை எவ்வளவு குனிவது, கைக்குட்டையை எப்போது எடுப்பது, குரல் எந்தச் சொல்லில் உடையவேண்டும் (கடைசிச் சொல்லில்) என்றெல்லாம் ஆறு மாதம் கற்றுக்கொடுத்தார்கள். கஸ்பார் அங்கே தங்கப் பதக்கம்.

இதுவரை பதினான்கு பழி ஏற்றிருந்தார். ஒரு தீவில் உல்லாச விடுதியின் நீச்சல் குளத்துக்குள் கப்பல் மூக்கை நுழைத்து, குளித்துக்கொண்டிருந்த தேனிலவுத் தம்பதி அதைப் பார்த்துக் கைதட்டியதும் அதில் சேர்த்தி. பதினான்கில் ஒன்றுகூட அவர் செய்த தப்பில்லை. பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தார்.

பதினைந்தாவதைத்தான் அவரே செய்தார்.

கப்பலின் பெயர் செண்பகவல்லி. பதினோரு வருஷமாக கஸ்பார் அவளோடுதான் இருக்கிறார். கப்பலில் வேறு மனுஷ முகம் கிடையாது. பேச ஆளில்லாமல் அவர் அவளிடம் பேசிப் பேசி, அவள் தூத்துக்குடித் தமிழ் படித்துக்கொண்டாள். மற்றக் கப்பல்கள் அறிவிப்புக் குரலில் பேசும்போது இவள் மட்டும் "வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டியளா?" என்பாள்.

அன்றைக்கு ஆயுத பூசை. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பத்தாயிரம் டன் துவரம்பருப்பு ஏற்றிக்கொண்டு வந்து, தூத்துக்குடிக்கு வெளியே காத்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, அங்கிட்டுப் பாருங்க. துறைமுகத்துல கிரேனுக்கெல்லாம் வாழக்கன்னு கட்டிட்டாவ. எனக்கு ஒண்ணும் கிடையாதா?"

"ஏட்டி, நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்?"

"போன வருசம் இந்நேரம் டர்பன்ல கிடந்தோம். அதுக்கு முந்தி சிட்டகாங்கு. பதினோரு வருசத்துல இன்னைக்குத்தான் ஆயுத பூசைக்கு ஊர்ப்பக்கம் வந்திருக்கேன். ஒரு பொட்டு வச்சா உங்க மாதா கோவிச்சுக்கிடுவாளா?"

மாதாவை இழுத்ததும் கஸ்பார் இறங்கி வந்தார். அதோடு, சாமான் படகில் பூசை செட்டு ஒன்றை அவளே ஏற்கெனவே வரவழைத்திருந்தாள். சந்தனம், குங்குமம், பொரி, ஒரு பித்தளை மணி.

காலை எட்டரைக்கு கஸ்பார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். சுக்கானுக்கு ஒரு பொட்டு, நங்கூரச் சங்கிலிக்கு ஒரு பொட்டு, சமையலறை மிக்சிக்கு ஒரு பொட்டு. மந்திரம் தெரியாத குறையை மணியடித்து நிரப்பினார். கடைசியாகக் கீழே பேட்டரி அறை. அந்த அறையில்தான் கப்பலின் உயிரே இருந்தது. எதிர்ச் சுவரில் நெற்றி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு கண்ணாடி. பொட்டு வைக்க அதைவிடத் தோதான நெற்றி கப்பலில் வேறெங்கும் இல்லை என்று அவருக்குத் தோன்றிற்று. கண்ணாடியின் மேல் ஓரத்தில் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம் வைத்து, பலமாக மணியடித்தார்.

அது நெருப்புக்கண். அறையில் தீப்பிடித்தால் முதலில் பார்ப்பது அதுதான். அந்த அறைக்கு வேறு கண் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தூசி படியாமலிருக்க, அது ஒரு சின்ன ரப்பர் பட்டையால் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும்.

பத்தே முக்காலுக்கு அது துடைத்துக்கொண்டது. அப்போது செண்பகவல்லி துறைமுக வாய்க்காலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தாள். ஓரத்திலிருந்த பொட்டு கண்ணாடி முழுக்க இழுபட்டது. கண்ணுக்கு உலகமே சிவப்பாகத் தெரிந்தது. நெருப்பு என்றால் யாரையும் கேட்காமல் மின்சாரத்தை அறுப்பது அதற்கு இட்ட கட்டளை. அறுத்தது. பிறகு அறை முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சியது.

கப்பல் செத்துப்போய் மிதந்தது. கஸ்பார் தடதடவென்று கீழே ஓடினார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. தண்ணீர் மட்டும் சிவப்பாகச் சுவரில் வழிந்து, அவர் கால்விரலிடுக்கில் புகுந்து, வடிகாலில் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தன வாசனை வேறு. பதினான்கு பழியிலும் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றிற்று: இது நான் செய்தது.

அவசர பேட்டரியில் செண்பகவல்லியின் குரல் மெலிசாக வந்தது. "அண்ணாச்சி, தீ ஒண்ணும் இல்ல. திரும்ப உயிரக் குடுத்தா ஆறு நிமிசத்துல சுக்கானைப் பிடிச்சிருவேன். சட்டப்படி ரெண்டு ரேகை வேணும். உங்களுது ஒண்ணு, துறைமுகப் பொறுப்பாளருது ஒண்ணு."

கஸ்பார் கட்டைவிரலை அழுத்திவிட்டு, துறைமுகக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். அங்கே பேச்சிச்செல்வி என்கிற பெண் எடுத்தாள்.

"தாயி, கப்பல் செத்துக் கிடக்கு. கொண்டல் காத்து கரையப் பாத்துத் தள்ளுது. உங்க பொறுப்பாளர் ரேகை வேணும், உடனே."

"சார் இங்கதான் இருக்காங்க அண்ணாச்சி. ஆனா ரேகை மெஷின் பூசையில இருக்கே."

"என்னது?"

"எல்லாக் கருவியும் வரிசையா வச்சிருக்கோம்ல. பூசை முடியாம தொடக்கூடாது."

"எப்பம் முடியும்?"

"பெரிய அதிகாரி வந்து பூசணிக்கா உடைக்கணும். திருநெல்வேலி தாண்டிட்டாராம்."

கஸ்பார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்ப இழுவைப்படகையாவது அனுப்புங்க."

"மூணு படகுக்கும் மாலை போட்டுருக்கு அண்ணாச்சி. எலுமிச்சம்பழம்கூட அடியில வச்சாச்சு."

"அந்த எலுமிச்சம்பழத்து மேல ஏத்திக்கிட்டு வாங்களேன்!"

"எடுத்த எடுப்புல கோவப்படாதீங்க. நல்ல நாளும் அதுவுமா."

நங்கூரத்தைக் கையால் அவிழ்த்துவிடலாம் என்று முன்பக்கம் ஓடினார். அதற்கு ஒரு சக்கரக் கைப்பிடி உண்டு. கப்பலில்தான் மாலுமியே இல்லையே, கைப்பிடி எதற்கு என்று கம்பெனி அதைக் கழற்றி, தலைமை அலுவலக வரவேற்பறையில் அழகுக்கு மாட்டியிருந்தது. கஸ்பார் சுத்தியலால் பூட்டை அடித்தார். பூட்டு அசையவில்லை, அவர் கட்டைவிரல்தான் வீங்கியது. அதற்குள் பேச்சிச்செல்வி மறுபடி வந்தாள். அதிகாரி வழியில் டீ குடிக்க இறங்கியிருக்கிறாராம்.

"என் வயித்துல பருப்பு இருக்கு அண்ணாச்சி," என்றாள் செண்பகவல்லி. "அடி கிழிஞ்சு தண்ணி பூந்தா பருப்பு ஊறி, உப்பி, என்னயப் பிளந்துரும்."

"வாய மூடு. ஒண்ணும் ஆகாது."

பதினொன்றே காலுக்கு, அலைத்தடுப்புச் சுவரின் வடபுறம், கப்பல் தரைதட்டியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. சோற்றுப்பானையை அடுப்பிலிருந்து இறக்கி மணலில் வைத்தது போல லேசாக ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. அதே நிமிடம் கரையில் பூசணிக்காய் உடைந்தது. வேட்டுச் சத்தம் கப்பல்வரை கேட்டது.

பருப்பு ஊறவும் செய்தது. முன் அறையில் தண்ணீர் புகுந்து, மூன்றாம் நாள் மேல்தளத்து மூடியைத் தள்ளிக்கொண்டு பருப்பு எழுந்து நின்றது. பன்னிரண்டு நாள் அள்ளினார்கள். தூத்துக்குடிக் காக்கைகள் பறக்க முடியாமல் நடந்தே திரிந்தன என்று சொல்வார்கள். நான்கில் மூன்று பங்குதான் நம்பலாம்.

விசாரணைக் கமிஷன் துறைமுகக் கூட்ட அரங்கில் கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி குற்றாலநாதன். கம்பெனி வக்கீல் நவநீதம், அதற்கு முந்தின நாளே கஸ்பாரை ஓரமாக அழைத்துப் போய்த் தைரியம் சொன்னாள்.

"வழக்கம் போலத்தான் அண்ணாச்சி. கமிஷனுக்கு ரெண்டு கேள்வி. யார் பொறுப்புங்கிறது முதல் கேள்வி. அதுக்கு நீங்க எந்திரிச்சு உங்க வசனத்தச் சொல்லிடுங்க. உண்மையில எது பழுதுங்கிறது ரெண்டாவது. அத அவங்க பார்த்துக்கிடுவாங்க."

"ரெண்டாவதுல என்ன முடிவு வரும்?"

"இல்லாத நெருப்பைப் பார்த்திருக்கு. மூளையில கோளாறுன்னுதான் எழுதுவாங்க. அழிச்சிட்டுப் புது மூளை போட்டுடுவாங்க."

"அழிச்சிட்டுன்னா?"

"துடைச்சிடறது. உங்களுக்கு ஒண்ணும் வராது, பயப்படாதீங்க."

கஸ்பார் பயப்படவில்லை. பதினோரு வருஷம் தினமும் "சாப்பிட்டியளா" என்று கேட்ட குரலை, அவர் வைத்த பொட்டுக்காகத் துடைக்கப் போகிறார்கள்.

மறுநாள் கமிஷன் முன் அவர் எழுந்து, பித்தளை மணியைச் சாட்சிப் பொருளாக மேஜைமேல் வைத்து, நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். சந்தனம், குங்குமம், வட்டக் கண்ணாடி, சிவப்புத் தண்ணீர். கடைசியில், பழக்கதோஷம், "முழுப் பொறுப்பும் என்னுடையதே" என்று சேர்த்துவிட்டார். குரலும் தன்னால் சரியான இடத்தில் உடைந்தது.

அரங்கம் கைதட்டியது. நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சாது, உங்க பழைய வாக்குமூலமெல்லாம் படிச்சிருக்கேன். இதுதான் உச்சம். வேதக்காரர் ஆயுத பூசை பண்ணினாராம்! என்ன கற்பனை!"

"கற்பனை இல்லீங்கய்யா. சத்தியமா நான்தான் வச்சேன்."

"பாருங்க, பாருங்க. அந்த 'சத்தியமா'வைப் பாருங்க." அவர் பக்கத்து உறுப்பினரிடம் குனிந்தார். "தங்கப் பதக்கம்னா சும்மாவா?"

"ஐயா, கப்பலையே கேளுங்க!"

"மனுஷன் மேல இயந்திரம் சாட்சி சொல்ல முடியாதே. விட்டா அதுங்க எல்லாத்தையும் நம்ம தலையில கட்டிடும்னுதானே சட்டமே போட்டிருக்கு." ஆனாலும் முறைக்காகச் செண்பகவல்லியைக் கேட்டார். "உன் கண் என்ன பார்த்தது?"

"சிவப்புங்க ஐயா."

"நெருப்பு இருந்ததா?"

"இல்லீங்க ஐயா."

"அவ்வளவுதான். கண் பழுது." எழுதிக்கொண்டார். சிவப்பு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லக்கூடாது என்பது அவளுக்கு விதி.

கஸ்பார் கத்தினார். அழுதார். தரையில் விழுந்து, வேளாங்கண்ணி மாதா மேல் ஆணையிட்டார். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு கூடிக்கொண்டே போனது. மூன்றாம் நாள், கல்லூரியிலிருந்து மாணவர்களைப் பஸ்ஸில் கூட்டிவந்து பின் வரிசையில் உட்கார வைத்தார்கள். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். சத்தம் அதிகமாகும்போதெல்லாம் நீதிபதி மேஜையிலிருந்த பித்தளை மணியை எடுத்து ஆட்டி அமைதிப்படுத்தினார்.

அன்றைய தேநீர் இடைவேளையில் கஸ்பார் நவநீதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு மனுசன் உண்மையச் சொன்னா நம்ப மாட்டாவளா?"

"மத்த மனுசன் சொன்னா நம்புவாங்க. நீங்க ஒத்துக்கிடறது உங்க உத்தியோகம் அண்ணாச்சி. நடிகன் மேடையில செத்தா யார் ஆம்புலன்சைக் கூப்பிடுவா?"

"அப்ப நான் குத்தவாளின்னு இவங்க நம்பணும்னா என்னதான் செய்யணும்?"

நவநீதம் டீயை உறிஞ்சினாள். "அது எனக்கும் தெரியல. குத்தவாளிங்க சாதாரணமா இல்லைன்னுதான் சொல்லுவாங்க."

சொல்லிவிட்டு அவள் வடையை எடுக்கப் போய்விட்டாள். கஸ்பார் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார். டீயில் ஆடை கட்டும்வரை நின்றார்.

இடைவேளைக்குப் பின் தீர்ப்பு வாசிக்க நீதிபதி தாளை எடுத்தார். கஸ்பார் எழுந்தார். இந்தத் தடவை தலை குனியவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயா, ஒண்ணு சொல்லிக்கிடுதேன். எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

பேனா நின்றது. "என்ன சொன்னீங்க?"

"நான் பொறுப்பில்லன்னேன். பொட்டா? எந்தப் பொட்டு? நான் அந்த ரூமுக்கே போகல. அந்த மணிய நான் கண்ணால பாத்ததில்ல. எல்லாம் கப்பல் செஞ்சது. அவளைத் துடைங்க."

பின் வரிசையில் ஒரு மாணவி பேனாவைத் தவறவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பொறுப்பாளர் இப்படிச் சொல்லிக் கேட்டவர்கள் அங்கே யாரும் இல்லை.

"மணியைப் பார்த்ததே இல்லையா?" நீதிபதி தம் கையிலிருந்த மணியைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "முந்தாநாள் நீங்கதானே இதைக் கொண்டுவந்து வச்சீங்க?"

"இல்லவே இல்ல."

"பொய்!" நீதிபதி மேஜையில் அறைந்தார். "இவன் எதையோ மறைக்கிறான்!"

அதற்குப் பிறகு எல்லாம் வெகு வேகமாக நடந்தது. சாமான் படகுக்காரரைக் கூப்பிட்டார்கள். பூசை செட்டு ஏற்றியது உண்மை என்றார். பேட்டரி அறை வடிகாலைத் தோண்டினார்கள். அடியில் குங்குமம் கட்டிப்பட்டுக் கிடந்தது. ரப்பர் பட்டையின் மடிப்பில் சந்தனம் இருந்தது. எல்லாம் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தன. மணிக்கு முதலாம் சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டினார்கள். கஸ்பார் ஒவ்வொன்றையும் மறுத்துக்கொண்டே வந்தார். மறுக்க மறுக்க ஆதாரம் பெருகியது.

தீர்ப்பில், கப்பலின் மூளையில் கோளாறு இல்லை, துடைக்க வேண்டியதில்லை என்று எழுதினார்கள். கஸ்பாரின் உரிமம் ஆயுள் முழுக்க ரத்து. காரணம் பொட்டு வைத்ததன்று. பொறுப்பில்லை என்று சொன்னது. கல்லூரி பதக்கத்தைத் திருப்பிக் கேட்டது. பின் வரிசை மாணவர்கள் வெளியே போகும்போது அவரை எட்டி நின்று பார்த்தார்கள். பழைய நண்பர்கள் யாரும் பேசவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஊரான் பழியை ஏற்றபோதெல்லாம் மாலை போட்டவர்கள், சொந்தப் பழி உறுதியானதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

செண்பகவல்லியைக் கம்பெனியும் வைத்துக்கொள்ளவில்லை. தரைதட்டின கப்பல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதாம். மூளையை மட்டும் கழற்றி, முள்ளக்காட்டுப் பக்கம் ஓர் உப்பளத்துக்குக் கடல்தண்ணி இறைக்கும் மோட்டாரை ஓட்ட அனுப்பிவிட்டார்கள். அதே உப்பளத்தில் காவலுக்கு ஆள் தேடினார்கள். பொறுப்பானவரா என்று முதலாளி கேட்டார். "இல்லீங்க" என்றார் கஸ்பார். இப்படி உண்மை பேசுகிற ஆள் கிடைக்கமாட்டான் என்று அவர் உடனே சேர்த்துக்கொண்டார்.

வருஷம் திரும்பி ஆயுத பூசை வந்தது. கஸ்பார் கடையில் பூசை செட்டு வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் மோட்டார் அறைக்குப் போனார். வெளியே உப்பு அம்பாரங்கள் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தன. சந்தனத்தைக் குழைத்து, மணியை இடது கையில் எடுத்து ஆட்ட ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். மணியக் கீழ வைங்க."

"ஏம்?"

"வைங்களேன்."

வைத்தார்.

"இங்கயும் மோட்டாருக்கு மேல ஒரு வட்டக் கண்ணாடி இருக்குல்ல, அது என் கண்ணு. பொட்டக் கொஞ்சம் தள்ளி வைங்க."

கஸ்பாரின் விரல் சந்தனத்தோடு அந்தரத்தில் நின்றது. "ஏட்டி, இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. மூணு தடவ சொன்னேன். நீங்க மணியடிச்சிக்கிட்டு இருந்திய."

அவர் மணியைப் பார்த்தார். புது மணி; பழையது இன்னும் கமிஷன் அலமாரியில் சீட்டோடு கிடக்கிறது. தலை தன்னால் குனிந்தது. எத்தனை பாகை என்று அவர் கணக்கிடவில்லை.

"முழுப்..." என்று ஆரம்பித்தார். கடைசிச் சொல்லில் உடையவேண்டிய குரல், முதல் சொல்லிலேயே உடைந்துவிட்டது. மேலே வரவில்லை.

மோட்டார் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் செண்பகவல்லி. "எனக்கு நல்லாக் கேக்குது."